கல்லை விற்றால் தண்ணீரும் சேருமா?

வாசகரே, வீட்டிலிருக்கும் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். நாலெல்லையும் சொன்னபின், கிணற்றில் இன்ன பங்கு, வழி, வாய்க்கால் உரித்து என்று எழுதியிருக்கும். காணி ஒருவனுக்கு; தண்ணீர் பலருக்கு. பங்குக் கிணற்றைத் தூர்க்க எந்தப் பங்காளியும் தனியே துணியமாட்டான்.

இந்த நினைவோடு கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பக்கம் வாருங்கள். அங்குள்ள பொன்னாவெளியில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழும் திட்டத்தை எதிர்த்து, 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஊரவர் மாதக்கணக்காகப் போராடினார்கள். "பிள்ளைகளுக்குத் தொழில் வேண்டாமா?" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கல்லின் இயல்பை அறியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்து மெல்லிய அமிலமாகி அதைக் கரைக்கும். மலைநாடுகளில் ஆறுகள் இப்படிச் சுண்ணக்கல்லை அறுத்துப் பெரும் பள்ளத்தாக்குகளைச் செய்திருக்கின்றன. நமது நிலமோ தட்டை. ஆகவே அதே வேலை நிலத்தின் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. கல்லின் வெடிப்புகளிலே நன்னீர் தேங்கி, பாரமான உப்புநீரின்மேல் மிதக்கிறது. குடாநாட்டில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து சுமார் 40 அடி உப்பு ஏறிவிடும் என்பது நிலநீர் ஆய்வாளர் கணக்கு.

ஆக, அந்தக் கல்தான் குடம். "என் காணியில்தானே வெட்டுகிறேன்" என்பவனுக்குச் சட்டம் அனுமதிப்பத்திரம் கொடுக்கலாம். உப்பு வேலி பார்த்து நிற்காது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதை மறுக்கவில்லை. தொழில் போய்விட்டது, கல் வெட்டிய பள்ளங்கள் கிடக்கின்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2009க்குப் பின் வன்னியில் நாம் கட்டியெழுப்பிய வீடுகளும் சீமெந்தால்தான் நிற்கின்றன. எங்கோ ஓர் ஊரின் கல் அது. எனவே "எங்கும் வெட்டாதே" என்று சொல்ல நமக்கு வாயில்லை. வெட்டினால் யாருடைய கிணறு போகும், அவர்களிடம் முதலில் கேட்டார்களா என்று கேட்க மட்டும் உரிமையுண்டு. தென்னைக்கு நட்டஈடு மதிக்கலாம். உவராகிப்போன கிணற்றுக்கு, இன்னும் பிறவாத பங்காளியிடம் யார் கையொப்பம் வாங்குவது?

கரையோர ஊர்களில் இருப்பவர்கள் மாரியிலும் கோடையிலும் தத்தம் கிணற்று நீரைச் சோதிப்பித்து, திகதியிட்டு எழுதிவையுங்கள். நாளைக்கு, "அங்கே முன்பும் உப்புத்தான்" என்பார்கள்.