சாதகம் செய்யாத குரல்

நாஜியா ஹசனின் முதல் இசைத்தட்டு 'டிஸ்கோ தீவானே' 1981இல் வெளிவந்தது. எனக்கு அது மறு வருஷம், கேட்காமலே கிடைத்தது. பாண்டி பஜாரில் ஒரு காஸெட் கடையில் மதுரை மணி ஐயர் பதிந்து தரச் சொல்லியிருந்தேன். நாடா மிச்சமிருந்ததால் கடைப் பையன் தன் இஷ்டத்துக்கு இதிலிருந்து மூன்று பாட்டுகளைச் சேர்த்துவிட்டான்.

மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனம். மணி ஐயரை உரக்க வைத்தேன். இதைச் சத்தம் குறைத்துக் கேட்டேன். ஏன் குறைத்தேன் என்பதுதான் கேள்வி.

இந்தி தெரியாது, ஆகவே வார்த்தைகளுக்காக வெட்கப்பட இடமில்லை. பாடியவர் கராச்சியில் பிறந்த பெண். 1980இல் 'குர்பானி' படத்துக்கு ஒரு பாட்டுப் பாடியபோது வயது பதினைந்து. இசையமைத்த பித்து பெங்களூர்க்காரர்; லண்டன் போய் 1974இல் 'குங்ஃபூ ஃபைட்டிங்' பாட்டைத் தயாரித்து உலகெங்கும் விற்றவர். குரல் கொஞ்சம் மூக்கிலிருந்து வருகிறது. எங்கும் அது சிரமப்படுவதில்லை, சிரமப்பட வேண்டிய இடத்துக்குப் போவதுமில்லை.

சின்ன வயசு, மின்சார வாத்தியம், அந்நியச் சரக்கு என்று காரணம் சொல்லலாம். ஆனால் அதே எண்பதுகளின் தொடக்கத்தில்தான் 1969இல் பிறந்த ஒரு சிறுவன் மின்சார மாண்டலினோடு நம் சபாக்களில் வந்து உட்கார்ந்தார். ஸ்ரீனிவாஸை மயிலாப்பூர் மடியில் வைத்துக் கொண்டாடியது. அவர் உழைத்திருந்தார். உழைப்பு வயசுக்குக் கட்டுபடியாகாத இடத்தில் பூர்வ ஜன்மம் வந்து கணக்கை நேர் செய்தது. நாஜியாவுக்கு எந்த ஜன்மக் கணக்கிலும் வரவு இல்லை.

ஆக, என் கூச்சத்துக்கும் ரசனைக்கும் சம்பந்தம் குறைவு. அது ஒழுக்கம் பற்றியது. சந்தோஷத்துக்கு யாராவது விலை கொடுத்திருக்க வேண்டும்: பாடுகிறவர் சாதகத்தால், கேட்கிறவர் கேள்வி ஞானத்தால். சும்மா வந்தது திருட்டுச் சொத்து. எழுதுகிற நாமும் இதே தராசைத்தான் வைத்திருக்கிறோம். கவிஞன் பட்ட கஷ்டத்தைக் கவிதையோடு சேர்த்து நிறுக்கிறோம். பத்திரிகை நடத்த வளையல் அடகுக்குப் போனதென்றால் அந்த இதழின் சுமாரான கவிதைகூட உயர்ந்துவிடுகிறது. (அடகு வைத்தவர்களில் நானும் ஒருவன், வளையல் என்னுடையதல்ல.)

டிஸ்கோ மீது கோபம் நம் தெருவுக்கு மட்டும் உரியதல்ல. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானமொன்றில் அந்த இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் கோபத்தில் நிறவெறுப்பும் கலந்திருந்ததாகப் பின்னர் பலர் சொன்னார்கள். இங்கே வெடி தேவைப்படவில்லை. குமிழைத் திருகினால் போதும்.

2000 ஆகஸ்ட் 13 அன்று நாஜியா லண்டனில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 35. செய்தி படித்த அன்று மாலை காஸெட்டைத் தேடியெடுத்து, முதல் தடவையாக உரக்க வைத்தேன். குரலில் ஒரு துயரம் கேட்டது. கண் கலங்கியது என்றே சொல்ல வேண்டும்.

மறுநாள் உறைத்தது. 1981இல் பதிந்த குரலுக்குள் 2000இன் துயரம் எப்படி நுழையும்? நான் போட்டதுதான். விலை வந்து சேர்ந்துவிட்டது, இனி உரக்கக் கேட்கலாம் என்று மனசு ரசீது எழுதிக்கொண்டது. அங்கே பூர்வ ஜன்மம் செய்த வேலையை இங்கே சாவு செய்தது. இதைவிட அந்தப் பழைய கூச்சமே நாணயமானது. பாடியபோது அந்தப் பெண் எதையும் இழந்திருக்கவில்லை. பிற்பாடு சட்டம் படித்தார். 1992க்குப் பிறகு இசைத்தட்டு கொண்டுவரவில்லை. பாட்டை விட்டதிலும் துறவின் சாயல் இல்லை.

பிறகு முழு இசைத்தட்டையும் கேட்டேன். பாதிப் பாட்டுகள் ஒன்றுபோல இருக்கின்றன, தாளம் அலுக்கிறது. தலைப்புப் பாட்டு மட்டும் இன்றும் காலை ஆட்டுகிறது. எதனால் என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. காரணம் கேட்பதும் விலை கேட்பதாகவே படுகிறது.

அந்த நாடா இழுத்துக்கொண்டு போய் எத்தனையோ வருஷமாயிற்று. ஒண்டுக்குடித்தனம் இருந்த இடத்தில் அடுக்ககம். இப்போது போனில், காதுக்குள் செருகிக்கொண்டு கேட்கிறேன். அடுத்தவருக்குக் கேட்க வழியே இல்லை. கை தானாகச் சத்தத்தைக் குறைக்கிறது.