நினைவும் உரிமையும்

மனைவியாய், தாயாய், பேரர்க்குப் பாட்டியாய் ஒரு குடும்பத்தைத் தாங்கி நின்ற பெண்மணி மௌத்தானபின், அவரை நினைப்பதென்பது யாது? அவர் பொறுமையைப் புகழ்கிறோம்; கத்தம் ஓதித் துஆச் செய்கிறோம். இவை நல்லனவே. இவற்றோடு நம் கடமை நிறைவேறிவிடுகிறதா என்பதே வினா.

விடை காண அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வரலாற்றை நோக்குவோம். ஏறத்தாழ 25 ஆண்டுகள் நபிகள் பெருமானாரின் (ஸல்) இல்லறத் துணையாய் இருந்தவர்கள். ஹிராக் குகையினின்று நடுங்கி வந்த நாயகத்தைப் போர்த்தித் தேற்றியவர்கள். தம் பொருளைத் தீனுக்கு ஈந்தவர்கள். நபித்துவத்தின் 10ஆம் ஆண்டில் மக்காவில் வஃபாத்தானார்கள்.

அதன்பின் அண்ணலார் அவர்களை எவ்வாறு நினைவு கூர்ந்தார்கள்? ஆடு அறுத்தால், கதீஜா நாயகியின் தோழியருக்கு அதில் பங்கு அனுப்புவார்கள். அவர்களின் சகோதரி ஹாலாவின் குரலை வாயிலிற் கேட்டதும் உள்ளம் நெகிழ்ந்தார்கள். மகளார் ஸைனபின் குழந்தை உமாமாவைத் தோளிற் சுமந்தவாறே தொழுதார்கள். மறைந்தவர் யாரை நேசித்தாரோ அவரை விடாது நேசிப்பதே நினைவு என்பதை இதனால் உணர்கிறோம். நம் உம்மம்மா நாள்தோறும் ஒரு விதவைக்குச் சோறு கொடுத்தனுப்பி வந்தார் என்றால், அவர் மறைந்த நாளோடு அந்தச் சோறும் நின்றுவிடலாகாது.

இன்னொன்றும் உண்டு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, பத்ருப் போரில் சிறைப்பட்ட கணவர் அபுல் ஆஸை மீட்க, ஸைனப் (ரலி) மக்காவிலிருந்து ஒரு கழுத்து மாலையை அனுப்பினார்கள். அது திருமணத்தின்போது தாயார் கதீஜா நாயகி அணிவித்த மாலை. அதைக் கண்ட அண்ணலார் மிகவும் உருகினார்கள். ஆயினும், அதனைத் தாமே திருப்பி அனுப்பிவிடவில்லை. மீட்புப் பொருளில் முஸ்லிம்களுக்கு உரிமை இருந்தமையால், தோழர்கள் இசைந்தால் கைதியை விடுவித்து மாலையையும் திருப்பி அளிக்கலாமே எனக் கேட்டார்கள். அவர்களும் மனமுவந்து இசைந்தனர். நினைவு எத்துணை ஆழமாயினும் பிறர் உரிமையை அது மீறவில்லை.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? தாயின் நகைகள் பெட்டியிலேயே ஒருவர் கைக்குப் போய்விடுகின்றன. கொடுபடாத மஹர் கணவர் பட்ட கடன். மனைவியின் மௌத்தால் அது மாய்வதில்லை, அவர் விட்டுச்சென்ற சொத்தோடு சேர்கிறது. கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின், மக்கள் இருப்பின் கணவருக்கு நான்கில் ஒரு பங்கு. தாய் தந்தையர் இருப்பின் அவர்க்குரியதும் நீங்க, எஞ்சியதில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. இது மறை வகுத்த கணக்கு.

"உம்மா தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாதவர், இப்போது கணக்குப் பார்ப்பதா?" என்பர் சிலர். தாயின் தாராளம் தாய்க்குரியது. அதைக் காட்டி மகளின் பங்கை எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை. தன் பங்கு இன்னதென அறிந்த மகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது கொடை. அண்ணன்மாரின் முகத்துக்கு நாணி வாய்மூடி இருந்தால், அம்மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளலாகாது.

ஆகவே, தாயைப் புகழ நாவெடுக்குமுன் அவர் பெட்டியைத் திறந்து, உரியவரை அழைத்து, உரியதைக் கொடுப்போம். அவர் பேணிய உறவுகளைப் பேணுவோம். அதன்பின் ஓதும் பாத்திஹாவை வல்ல நாயன் ஏற்றருள்வானாக! ஆமீன்.