பெரியம்மா கலந்துகொள்வதில்லை

கோயம்புத்தூரைச் சுற்றி, வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர் பக்கமெல்லாம், மூத்தோர் குடியிருப்புகள் பெருகிவிட்டன. முதியோர் இல்லம் என்று சொன்னால் அங்கே இருப்பவர்கள் திருத்துவார்கள். இது ‘சீனியர் லிவிங்’. வீட்டை விலைக்கு வாங்கியோ பெரிய முன்பணம் கட்டியோ குடியேறுகிறார்கள். மாதப் பராமரிப்புத் தொகையில் மூன்று வேளைச் சாப்பாடு, துப்புரவு, செவிலியர், காவலாளி எல்லாம் அடக்கம். இப்படியான ஓர் இடத்திலிருந்து மாதந்தோறும் எனக்கு ஒரு செய்தி மடல் வருகிறது. என் பெரியம்மா அங்கே இருக்கிறார். அவருடைய மகன் வெளிநாட்டில் இருப்பதால், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணாக என்னுடையதைக் கொடுத்திருக்கிறோம்.

வண்ணத்தில் அச்சான நான்கு பக்க மடல் அது. முதல் பக்கத்தில் பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்துகள். அடுத்து ‘புதுவரவு’. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரியில் இரங்கல். நடுப்பக்கம் முழுவதும் நிகழ்ச்சிகள்: காலை ஆறரைக்கு நாற்காலி யோகா, வெள்ளிக்கிழமை பஜனை, சனிக்கிழமை தம்போலா, கேரம் போட்டி, மூட்டு மாற்று சிகிச்சை பற்றி மருத்துவர் பேச்சு, பேரூருக்கு வேனில் ஒரு நாள் பயணம், மார்கழியில் திருப்பாவை, நவராத்திரியில் கொலு. மார்ச் 8 அன்று மகளிர் தினம். அதற்கு ‘அடுப்பில்லாச் சமையல்’ போட்டி. இனி சமைக்க வேண்டாம் என்பதற்காகவே லட்சக்கணக்கில் பணம் கட்டி வந்த பெண்களுக்கு, பெண்கள் தினத்தன்று, சமையல் போட்டி. அந்தப் புகைப்படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘புதுவரவு’ பகுதியை நான் கவனமாகப் படிப்பேன். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் இன்னார், அவர்தம் துணைவியார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் இன்னார், அவர்தம் துணைவியார். அபூர்வமாக ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வருவார். அப்போது மட்டும் பெண்ணின் பெயர் முதலில் இருக்கும். துணைவியார் எதிலிருந்து ஓய்வு பெற்றார் என்று மடல் சொல்வதில்லை. சேர்க்கைப் படிவத்தில் ‘முன்பு வகித்த பதவி’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரியம்மாவின் படிவத்தில் அங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். கோபிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பதினோரு பேருக்குச் சமைத்து, மாடு கறந்து, மாமனாரைப் படுக்கையில் ஆறு வருடம் பார்த்து, பண்ணையாட்களுக்குச் சோறு கொண்டுபோனவர் அவர். 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுவதாகத் தெரிந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம். பெரியம்மாவுக்கு அந்த 299-ஐக் காட்டினால் ‘அவ்வளவு கம்மியா?’ என்பார்.

அந்தப் பெரியம்மாவைப் பற்றித்தான் அலுவலகத்திலிருந்து ஒரு நாள் அழைப்பு வந்தது. ஏதோ உடம்புக்கு என்று பதறிப்போனேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மேடம். எதுலயும் கலந்துக்க மாட்டேங்கறாங்க. மலையவே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க” என்றார் அந்த நிகழ்ச்சிப் பொறுப்பாளர். கனிவான பெண்தான். அவருக்கு மாதக் கடைசியில் பங்கேற்பு விவரம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பேசினேன். பெரியம்மா சொன்னது இதுதான்: “அம்மணி, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து ஒரு பொழுது நான் சும்மா உக்காந்ததில்ல. இப்பத்தான் உக்காந்திருக்கறேன். அதும் அவிங்களுக்குப் பொறுக்கலியா?”

சும்மா என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்க்கை உண்டு. அருணகிரிநாதரும் தாயுமானவரும் சும்மா இருப்பதை ஞானத்தின் உச்சமாகப் பாடினார்கள். ரமணரும் அதையே உபதேசமாகச் சொன்னார். திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கிழவரைப் பார்த்தால் யோகி என்று நினைக்க நமக்குப் பழக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கம், “உங்க வீட்டுல என்ன பண்றாங்க?” என்ற கேள்விக்கு, “சும்மாதான் இருக்கா” என்று கணவர்கள் சொல்லும் பதில். ஓயாமல் வேலை செய்பவளைச் சும்மா இருக்கிறாள் என்றார்கள். அவள் நிஜமாகவே சும்மா இருக்க ஆரம்பித்ததும், ஏதாவது செய்யச் சொல்லுங்கள் என்று தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

செயலோடு இருக்கும் முதுமை என்பது விற்பனைக்கு வந்த கதை பழையது. அமெரிக்காவின் அரிசோனாவில் டெல் வெப் என்ற கட்டுமான முதலாளி சன் சிட்டி என்ற ஊரை 1960 ஜனவரி 1 அன்று திறந்தார். மாதிரி வீடுகள், கோல்ஃப் மைதானம், கடைத்தெரு, பொழுதுபோக்கு மையம். முதல் மூன்று நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். ஓய்வு என்றால் சாய்வு நாற்காலியும் சாவுக்குக் காத்திருப்பதும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கனவின் நடுவில் நிற்பவர் நாற்பது வருடம் அலுவலகம் போய்த் திரும்பிய ஆண். வேலையின் வெறுமையை ஆட்டத்தால் நிரப்ப வேண்டியது அவருக்குத்தான். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு அப்படி ஒரு வெறுமை வாய்த்ததே இல்லை.

இன்னொன்று. இந்த மடலை யாருக்காக அச்சடிக்கிறார்கள்? குடியிருப்பவர்களுக்கு அன்றைய நிகழ்ச்சி சாப்பாட்டுக் கூடத்துப் பலகையிலேயே தெரியும். மடல் போவது டல்லாஸுக்கும் சிங்கப்பூருக்கும் பெங்களூருக்கும், பணம் கட்டும் பிள்ளைகளுக்கு. அம்மா பலூன் பிடித்திருக்கும் படம், அப்பா கேரம் கோப்பை வாங்கும் படம். மழலையர் பள்ளிகள் பெற்றோருக்கு அனுப்பும் படங்களும் இதே சாயலில்தான் இருக்கும். அம்மாவைத் தனியே விட்ட உறுத்தலுக்கு அது ஒரு ரசீது. என் பெரியம்மா மகன் அந்தப் படங்களைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறான் என்றால் அதில் தப்பில்லை. ஆனால் அவன் தூங்குவதற்காகப் பெரியம்மா பலூன் பிடிக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பிள்ளைக்காகச் சமைத்தாயிற்று. இனிப் பிள்ளைக்காக மகிழ்ச்சியாகவும் தெரிய வேண்டும் என்றால், வேலை முடியவில்லை என்றுதானே பொருள்?

எதிர்க்கட்சிக்கு வலுவான வக்கீல் இருக்கிறார்: சிமோன் த பொவார். 1970-இல், தன் 62-ஆம் வயதில், முதுமையைப் பற்றித் தடிமனான ஒரு நூலை வெளியிட்டார். வயதானவர்களைச் சமூகம் நடத்தும் விதம் ஒரு கேவலம் என்று சாடிவிட்டு, முடிவில் அவர் வந்து சேரும் இடம் இது: முதுமை முன்பிருந்த வாழ்வின் கேலிச்சித்திரமாகாமல் இருக்க ஒரே வழி, மனிதர்கள், குழுக்கள், லட்சியங்கள், வேலை என்று வாழ்வுக்குப் பொருள் தரும் எதையாவது விடாமல் பற்றிக்கொள்வது. இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். பொவார் தானே தேர்ந்தெடுத்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர். அவருக்கு முதுமையின் பயம், அந்த வேலை கைநழுவுவது. தேர்ந்தெடுக்காத வேலையிலேயே அறுபது வருடம் போன ஒருத்திக்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பதே அவள் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த செயலாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் கலந்துகொள்ளாத எல்லாப் பெண்களும் ஞானநிலையில் உட்கார்ந்திருக்கவில்லை. பெரியம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். வேன் பயணத்துக்கு வராத பெண்ணுக்குச் சிறுநீர் அடக்க முடியாது; வழியில் கழிப்பறை இருக்குமா என்று ஆண் பொறுப்பாளரிடம் கேட்க வெட்கம். தம்போலாவுக்கு வராதவருக்குக் காது கேட்காது. எண் தப்பாகக் கேட்டுச் சிரிப்புக்கு ஆளாவதைவிட அறையே மேல். பஜனைக்குப் போகாதவர் கிறிஸ்தவர். கணவர் இறந்து நான்கு மாதமான ஒருவர் சாப்பாட்டையும் அறைக்கே வரவழைக்கிறார், அதிலும் பாதியைத் திருப்பியனுப்புகிறார். அவருக்கு உடனே மருத்துவர் தேவை, யோகா அல்ல. பிறகு கொலு. ஒன்பது நாளும் பாட்டும் சுண்டலும் அமர்க்களமாக நடக்கிறது. முடிவில் தாம்பூலத் தட்டு வரும்போது சுமங்கலிகளுக்கு மட்டும் மஞ்சள் குங்குமம். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை. தட்டு ஒரு நாற்காலியைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். அந்த வளாகத்தில் தனியாக வாழும் பெண்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். முதல் வருடம் போய் உட்கார்ந்திருந்த பெரியம்மா இரண்டாம் வருடம் போகவில்லை.

பங்கேற்பு விவரத்தில் இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே குறி: கலந்துகொள்வதில்லை. ஆகவே சும்மா இருக்கும் உரிமை என்று நான் சொல்வது, அவர்களை அப்படியே விட்டுவிடுவதற்கான சாக்காகிவிடக் கூடாது. வரவில்லையா என்று கேட்பதற்கும், ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பதற்கும் உள்ள தூரம்தான் இங்கே அக்கறை. பெரியம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், மலையில் மேகம் இறங்கினால் எனக்குப் போன் போட்டுச் சொல்கிறார். மருத்துவரும் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது அவர் இஷ்டம்.

மூப்படைந்த பெண்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஓர் இடம் கட்டிய கதையும் உண்டு. பாரிஸை ஒட்டிய மோந்த்ரேய் நகரில், தெரேஸ் கிளேர் என்ற பெண்ணியவாதியும் தோழிகளும் பல வருடம் அதிகாரிகளோடு மல்லுக்கட்டி 2012-இல் ஒரு குடியிருப்பைத் திறந்தார்கள். 2003-ஆம் ஆண்டுக் கோடை வெப்பத்தில் பிரான்சில் சுமார் 15,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள், இறந்துபோனது அவர்கள் கோரிக்கைக்கு வலுச்சேர்த்தது. ஸ்லாவியக் கதைகளில் வரும் கிழட்டுச் சூனியக்காரியின் பெயரையே, பாபா யாகா, வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். 60 வயது தாண்டிய பெண்களுக்கு 21 வீடுகள், இளையவர்களுக்கு நான்கு. மேலாளர் கிடையாது, நிர்வாகம் அவர்களே. அரசின் சமூக வாடகைத் திட்டம் என்பதால் வசதியில்லாதவர்களும் இருக்க முடிந்தது. அங்கேயும் கூட்டங்களும் வகுப்புகளும் நிறைய. ஆனால் பட்டியலை எழுதுவது அவர்கள்.

வசதியில்லாதவர்கள் என்றேன். பெரியம்மா உட்காரும் சிமெண்டுப் பெஞ்சு சமையல்கூடத்தின் பின்வாசலுக்கு எதிரே இருக்கிறது. மலை தெரிவதும் அங்கிருந்துதான். தேங்காய் துருவும் பெண் இரண்டு பேருந்து மாறி வருகிறவர். பெரியம்மாவைவிட நான்கைந்து வயதுதான் இளையவர். அவரும் கணவர் இல்லாதவர். மதியப் பாத்திரமெல்லாம் கழுவியானதும் அந்தப் பெஞ்சில் வந்து கால் நீட்டுவார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கூப்பிடுவார்கள், எழுந்து போவார். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 2023-இல் 1000 ரூபாயிலிருந்து 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளுக்கு 40 ரூபாய். அதை வைத்துக்கொண்டு யாரும் மலையைப் பார்த்து உட்கார முடியாது.

இங்கே என் வாதம் தடுமாறுகிறது. பெரியம்மாவின் சும்மா, துருவிய தேங்காயின் மேல் நிற்கிறது. அறுபது வருடம் உழைத்ததற்கான உரிமை என்று சொன்னால், அதே அறுபது வருடம் உழைத்த இன்னொருத்திக்கு அது ஏன் இல்லை? தோட்டம் விற்ற பணம் இவருக்கு இருந்தது, அவருக்கு விற்கத் தோட்டம் இல்லை. இதைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. பணம் கொடுத்து வாங்க முடிந்ததை உரிமை என்று அழைப்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. அதற்காகப் பெரியம்மா எழுந்து போய் அடுப்பில்லாச் சமையல் செய்தால் எந்தக் கணக்கும் நேராகப் போவதில்லை.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். நான் எழுதுவதை அவர் பெரிதாக மதிப்பதில்லை. கேட்டுவிட்டு, “அவளுக்கு மாசம் எவ்வளவு தராங்கன்னு ஆபீஸ்ல கேளு” என்றார். கேட்டேன். அது ஒப்பந்தக்காரருக்கும் ஊழியருக்கும் இடையிலான விஷயம் என்றார்கள். “நம்ம பணத்துலதான தராங்க? நமக்குச் சொல்லமாட்டாங்களா?” என்றார் பெரியம்மா.

குடியிருப்போர் சங்கக் கூட்டம் மாதக் கடைசி ஞாயிறு. செயற்குழுவில் ஆறு ஆண்கள், ‘கலாச்சாரச் செயலாளர்’ என்று ஒரு பெண். கேள்வி கேட்பதென்றால் ஒரு வாரம் முன்பே எழுதித் தர வேண்டுமாம். சமையல்கூடப் பெண்களின் சம்பளம், மதியத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஓய்வு, உட்கார மின்விசிறியோடு ஓர் அறை என்று மூன்று வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். கூட்டத்துக்குப் போவாரா என்று கேட்டதற்கு, “பாக்கலாம் கண்ணு, அன்னிக்கு மேகம் எறங்காம இருந்தா” என்றார்.