மேலிடத்துக்கு யார் சொல்வது?



வேலைக்குப் போகிற நம்மில் அநேகரை உள்ளுக்குள் அரிக்கிற ஒரு கேள்வியை இந்த மாதம் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். நாம் வேலை செய்கிற இடத்தில் ஒரு காரியம் தப்பாக நடக்கிறது. மெஷினில் பழுது இருக்கலாம், கணக்கில் ஓட்டை இருக்கலாம், தொழிலாளரை நடத்துகிற விதத்தில் அநியாயம் இருக்கலாம். கீழே இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். மேலே இருக்கிற எம்.டி.க்கும் டைரக்டர்களுக்கும் மட்டும் தெரியாது. யார் போய்ச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் அது குற்றமா? "மேலே உள்ளவர்களுக்குக் கீழ்ப்படிந்திருப்பதே நம்முடைய கடமை" என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா?

வாலிபத் தம்பிமார் என்னிடத்தில் கேட்பது இதைத்தான். "அண்ணே, உண்மையைச் சொன்னா வேலை போயிடும். வீட்டு வாடகை யாரு குடுப்பா?" இந்தக் கேள்வியை நாம் லேசாக எண்ணக் கூடாது. தைரியமாய் இரு என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் முதல் தேதி வாடகை கட்டவேண்டியவன் அவனல்லவா?

முறுமுறுப்பு வேறு, உண்மை வேறு

26 வருஷம் தொழிற்சாலையில் வேலை செய்தவன் நான். கேன்டீனில் டீ குடிக்கிற நேரத்தில் மேனேஜ்மென்ட்டின் குறைகளெல்லாம் ஒன்று விடாமல் வெளியே வரும். அரை மணி நேரம் கழித்து ஜெனரல் மேனேஜர் ரவுண்டு வந்து, "எப்படிப் போகுது?" என்று கேட்டால், அதே வாய்கள், "நல்லா போகுது சார்!" என்று சொல்லும். சரி செய்யக்கூடியவர் காதில் விழாதபடி பேசுவதற்குப் பேர்தான் முறுமுறுப்பு. அதனால் பேசுகிறவனுக்கு மனச்சுமை குறையலாம், மற்றபடி ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

அங்கே மெயின்டனன்ஸில் வயதான ஒரு ஃபோர்மேன் இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் ஜெனரல் மேனேஜர் கேட்டபோது அவர் மட்டும், "சார், ரெண்டு நிமிஷம் இப்படி வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய், ஒரு பெரிய மோட்டாரின் பேரிங் மேல் அவருடைய கையை வைக்கச் சொன்னார். வைத்த கையை அவர் சட்டென்று எடுத்துவிட்டார். அவ்வளவு சூடு! "சார், இது ஒரு வாரம் தாங்கும். பத்து நாள் தாங்காது. இன்னைக்கு நிறுத்தினா ஒரு ஷிப்ட் போகும். நிறுத்தலேன்னா ஒரு மாசம் போகும். அப்புறம் உங்க இஷ்டம்." மேனேஜர் முகம் சிவந்தது. ஆனாலும் அன்று சாயங்காலமே லைனை நிறுத்தச் சொன்னார்.

இதில் நான் கவனித்தது ஒன்று. அந்தப் பெரியவர் யாரையும் குற்றப்படுத்தவில்லை. மரியாதையும் குறையவில்லை. முடிவெடுக்கிற அதிகாரத்தை அவர் மேனேஜர் கையிலேயே விட்டார். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்கும்படி செய்தார். உண்மையான கீழ்ப்படிதல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மேலதிகாரியிடமிருந்து உண்மையை மறைக்கிறவன் அவருக்குக் கீழ்ப்படிகிறவன் அல்ல. அவர் எடுக்கவேண்டிய முடிவை, அவருக்குத் தெரியாமல் இவனே எடுத்துவிடுகிறான்!

ஒரு ராத்திரியில் நடந்தது

1986-ம் வருஷம் ஜனவரி 27-ம் தேதி ராத்திரி அமெரிக்காவில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலை சேலஞ்சர் என்ற விண்வெளி ஓடம் புறப்படவேண்டும். அதன் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோக்கால் கம்பெனியின் இன்ஜினீயர்கள், "நாளைக்குக் குளிர் அதிகம். ராக்கெட்டின் மூட்டுகளில் இருக்கிற ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும். ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே புறப்பட வேண்டாம்" என்று டெலிபோன் மாநாட்டில் எச்சரித்தார்கள். ரோஜர் பாய்ஜோலி என்ற இன்ஜினீயர் 1985 ஜூலையிலேயே, இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர்ச்சேதம் நேரிடலாம் என்று தன் கம்பெனியின் மேலிடத்துக்கு எழுத்து மூலமாய்த் தெரிவித்திருந்தார்.

நாசா அதிகாரிகளுக்கு அந்த எச்சரிப்பு பிடிக்கவில்லை. கம்பெனியின் பெரிய அதிகாரிகள் நாலு பேர் தங்களுக்குள் கலந்து பேசி, இன்ஜினீயர்களின் வார்த்தையைத் தள்ளிவிட்டு, புறப்படலாம் என்று சம்மதம் கொடுத்தார்கள். புளோரிடாவில் இருந்த அவர்களுடைய பிரதிநிதி ஆலன் மெக்டொனால்டு கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டார். மறுநாள், புறப்பட்ட 73-வது வினாடியில் சேலஞ்சர் வானத்திலேயே சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளிக்கூட ஆசிரியை.

விசாரணைக் கமிஷன் கண்டுபிடித்தது என்ன? அந்த மூட்டுதான் காரணம். அதோடுகூட, இன்ஜினீயர்களின் எதிர்ப்பு, புறப்படலாம் என்று கடைசி முடிவெடுத்த நாசாவின் மேலதிகாரிகளுக்குப் போய்ச் சேரவேயில்லை. கீழே சத்தமாய்ச் சொன்ன வார்த்தை நடுவிலேயே நின்றுபோயிற்று! ஆகவே நமக்குக் கீழே இருக்கிறவர் நம்மிடம் சொன்ன உண்மையை மேலே கொண்டுபோவதும் நம்முடைய கடமைதான். நடுவில் இருக்கிறவர்களே, இதை மறவாதிருங்கள்.

நானூறு பேரும் ஒருவனும்

வேதத்தை வாசிக்கிற நமக்கு இது புதிதல்ல. ஆகாப் ராஜா கீலேயாத்திலுள்ள ராமோத்தின்மேல் யுத்தத்துக்குப் போக நினைத்தபோது, ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் அவனுக்குப் பிரியமானதையே சொன்னார்கள். மிகாயாவை அழைக்கப்போன ஆள், நீயும் அவர்களைப்போலவே நல்லதாய்ச் சொல்லிவிடு என்று வழியிலேயே புத்தி சொன்னான். நம்முடைய ஆபீஸிலும் அப்படிப்பட்ட ஆள் உண்டல்லவா? "சாருக்கு இன்னிக்கு மூடு சரியில்ல, நல்லதா ஏதாவது சொல்லிட்டு வந்துடு!" மிகாயா உண்மையைச் சொன்னான், சிறைச்சாலைக்குப் போனான். ராஜாவோ யுத்தத்துக்குப் போய் மாண்டான். நானூறு பேரின் பிரியமான வார்த்தை அவனுக்குக் கேடகமாய் இருக்கவில்லை.

எப்படிச் சொல்வது?

சொல்லுகிற விதத்துக்கு மோசேயின் மாமனாகிய எத்திரோ நல்ல மாதிரி. அவர் முதலாவது நாள் முழுவதும் நடந்ததைக் கண்ணால் பார்த்தார். பிறகு, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டார். பதிலைக் கேட்ட பின்பே, இது நல்லதல்ல என்று நேரடியாகச் சொன்னார். அதோடு விடவில்லை, செய்யக்கூடிய ஒரு வழியையும் காட்டினார். இதிலிருந்து நான் கற்றுக்கொண்டவை:

1. கேள்விப்பட்டதை அல்ல, பார்த்ததைச் சொல்லுங்கள். தேதியும் கணக்கும் கையில் இருக்கட்டும்.

2. கூட்டத்தில் அல்ல, கூடுமானவரை தனியே சொல்லுங்கள். மேலதிகாரிக்கும் மானம் உண்டு.

3. ஆளைப் பற்றிப் பேசாமல் காரியத்தைப் பற்றிப் பேசுங்கள். "நீங்க கவனிக்கல" என்பதைவிட "இந்த பேரிங் சூடாகுது" என்பது உள்ளே போகும்.

4. உயிருக்கு ஆபத்தான காரியமானால் எழுத்திலும் கொடுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் அவருக்கு மேலே உள்ளவரிடம் போங்கள்.

5. பொய்யென்று தெரிந்த காகிதத்தில் கையெழுத்துப் போடாதிருங்கள். பேச முடியாத இடத்திலும் நம்முடைய கை நம்முடையதுதான்.

எல்லாக் குறையையும் இன்றைக்கே சொல்லித் தீரவேண்டும் என்பதில்லை. ஃபேன் ஓடவில்லை என்பதற்குக் காத்திருக்கலாம். பிரேக் பிடிக்கவில்லை என்பதற்குக் காத்திருக்க முடியாது. மற்றவர் அடையப்போகிற சேதம் எவ்வளவு பெரிதோ, நம்முடைய கடமையும் அவ்வளவு பெரிது. என்னுடைய மௌனத்தை நம்பி ஒருவர் முடிவெடுக்கிறார் என்றால், அந்த மௌனமும் ஒரு பதில்தான். "எல்லாம் சரி" என்று நான் சொன்னதாகவே ஆகும்.

மேலே இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நம்முடைய சபையில் கடை நடத்துகிறவர்கள், அதிகாரிகளாய் இருக்கிறவர்கள் உண்டு. உங்களுக்கும் ஒரு உதாரணம். 2006-ல் ஆலன் முலாலி என்பவர் ஃபோர்டு கார் கம்பெனிக்குத் தலைவராய் வந்தார். அந்த வருஷம் கம்பெனிக்கு 1,200 கோடி டாலருக்கும் மேலே நஷ்டம். ஆனால் வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொரு அதிகாரியும் காட்டின அட்டவணையில் எல்லாம் பச்சை நிறம், அதாவது குறையே இல்லை! கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, ஒரு புதிய காரில் கோளாறு இருக்கிறதென்று சிவப்பு நிறம் காட்டினார். அறையே அமைதியாயிற்று. முலாலி கைதட்டினார்! இவருக்கு யார் உதவி செய்வீர்கள் என்று கேட்டார். அதன் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாய் மற்றவர்களுடைய அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன.

எஜமான்களே, முதல்முறை ஒருவன் கெட்ட செய்தியோடு வரும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறதோ, அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லாரும் தீர்மானிப்பார்கள். அவனைக் கடிந்துகொண்டால் அன்றோடு உங்களுக்குச் செய்தி வருவது நின்றுபோகும், கோளாறோ நிற்காது.

விலை உண்டு

உண்மை சொன்னால் எல்லாம் நன்மையாய் முடியும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். விசாரணையில் உண்மையைச் சொன்ன மெக்டொனால்டைக் கம்பெனி தாழ்ந்த பொறுப்புக்குத் தள்ளியது. பாராளுமன்றத்தார் தலையிட்ட பிறகே அவர் மேலே கொண்டுவரப்பட்டு, அந்த மூட்டைத் திருத்தி அமைக்கிற வேலைக்குத் தலைவரானார். பாய்ஜோலியோ உடன் வேலையாட்களால் ஒதுக்கப்பட்டு, மனம் உடைந்து அந்த வேலையை விட்டார். இருவரும் சொன்னது ஒரே உண்மை, ஆனால் கிடைத்த பலன் ஒன்றல்ல.

ஆகவே, ஒருவன் தனியே இந்த விலையைச் செலுத்தும்படி நாம் விடலாகாது. உண்மை சொன்னதினிமித்தம் வேலையை இழந்த சகோதரனுக்கு இரண்டு மாத வாடகை கொடுக்க நாம் ஆயத்தமா? பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட ஆயத்தமா? அப்படியானால் மாத்திரமே "தைரியமாய்ச் சொல்லு தம்பி" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. சிந்திப்போமாக!