வழி தவறியவன் யார்?

கதிரவன் எழும் திசையைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'ஓரியன்ஸ்' என்பது. பண்டைக் கிறித்தவர்கள் அத்திசை நோக்கி நின்று மன்றாடினர். பீடம் கிழக்கே அமையுமாறு ஆலயங்கள் பலவற்றை எழுப்பினர். அச்சொல்லின் வழிவந்ததே 'ஓரியன்டரிங்' என்னும் விளையாட்டின் பெயர். தமிழில் அதனைத் 'திசையறி ஓட்டம்' எனலாம். நிலவரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே துணையாக, முன்பின் அறியாத காட்டில் வழி கண்டு ஓடுவதே இவ்விளையாட்டு. கால்களின் வலிமையோடு உள்ளத்தின் நேர்மையையும் சோதிக்கும் இது, வழி தவறியவன் யார் என்னும் பழைய அறவினாவை மீண்டும் எண்ணிப்பார்க்கத் தூண்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன் நாட்டுப் படைவீரர்க்குரிய பயிற்சியாக இது தோன்றியது. 1897-இல் நார்வே நாட்டில் பொதுமக்களுக்கான போட்டியாக நடந்தது. 1919-இல் ஸ்டாக்ஹோம் நகரையடுத்து எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்னும் படை அலுவலர் நடத்திய பெரும்போட்டி இதனை மக்கள் விளையாட்டாக்கிற்று. 1961-இல் 10 நாடுகள் கூடி அனைத்துலகக் கூட்டமைப்பை நிறுவின. 1966-இல் பின்லாந்தில் முதல் உலகப் போட்டி நடந்தேறியது. மலைமிதிவண்டியில் செல்வோருக்கான முதல் உலகப் போட்டி 2002-இல் பிரான்சு நாட்டில் நடைபெற்றது.

விதிகள் எளியவை. வரைபடத்தில் முக்கோணம் தொடக்கத்தைக் காட்டும். வட்டங்கள் அடைய வேண்டிய குறியிடங்கள். இரட்டை வட்டம் முடிவிடம். காட்டில் ஒவ்வொரு குறியிடத்திலும் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த துணிக்குறி தொங்கும். அவற்றை வரிசை மாறாமல் தொட்டுவர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், எத்துணை விரைந்து வந்தாலும் பயனில்லை. ஆயினும் ஒரு குறியிடத்திற்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வழிச் செல்வது என்பது ஓடுபவரின் உரிமை. குன்றேறிக் குறுக்கே செல்லலாம். சுற்றிவந்து சமதரையில் ஓடலாம். கட்டளையும் சுதந்திரமும் இங்கே பகையின்றி வாழ்கின்றன.

மிதிவண்டியில் செல்பவருக்கு இவ்வுரிமை குறைவு. அவர் பெரும்பாலும் தடத்தை விட்டு விலகலாகாது. கைப்பிடியில் பொருத்திய சுழல்தட்டின்மீது வரைபடத்தை வைத்து, ஓடும் வண்டியிலேயே அதைப் படித்து, தடம் பிரியும் இடந்தோறும் நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டும். குடும்பத்தாலும் தொழிலாலும் கட்டுண்ட பொதுநிலையினராகிய நம் வாழ்வு இவருடைய பயணத்தையே ஒத்தது. தடங்கள் முன்னமே போடப்பட்டவை. நின்று சிந்திக்க நேரமில்லை. தவறான பிரிவில் இறங்கிவிட்டாலோ, நம் விரைவே நம்மை நெடுந்தொலைவு கொண்டுபோய்விடும்.

இவ்விளையாட்டில் தேர்ந்தோரும் வழி தவறுவது உண்டு. ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும் இரு பள்ளத்தாக்குகள் அருகருகே இருக்கும். ஒன்றில் இறங்கியவர் மற்றதில் இருப்பதாக நம்புவார். அதன்பின் காண்பன எல்லாம் அந்நம்பிக்கைக்குச் சான்றாகிவிடும். படத்தில் ஓடை இருக்கிறது, எதிரே வறண்ட பள்ளம். 'கோடையில் வற்றியிருக்கும்' என்கிறது உள்ளம். படத்தில் பாறை இடப்புறம், கண்ணெதிரே வலப்புறம். 'படம் வரைந்தவர் பிழைசெய்திருப்பார்' என்கிறது உள்ளம். தான் இருக்க விரும்பும் இடத்திலேயே தான் இருப்பதாக மனிதன் நிலத்தை வளைத்துப் படிக்கிறான். இதற்குப் பயிற்சியாளர் கூறும் மருந்து ஒன்றே: நில், ஐயமின்றி அறிந்த கடைசி இடத்திற்குத் திரும்பிச் செல்.

மனச்சான்றைத் திசைகாட்டிக்கு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை பொருத்தமானதே, ஆனால் முழுமையானதன்று. திசைகாட்டி வடக்கைக் காட்டும். நாம் நிற்கும் இடத்தைக் காட்டாது. அதனை அறிய, நமக்கு முன்னே நிலத்தை நடந்து அளந்தோர் வரைந்த படமும் வேண்டும், காண்பதைக் கண்டவாறே ஏற்கும் நேர்மையும் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறது. அறியாமையால் பிழைபடும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை. உண்மையைத் தேட அக்கறை கொள்ளாதவனின் மனச்சான்றைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. ஆகவே, வழி தவறுதல் குற்றமன்று. தவறியதைக் கண்டும் காணாதிருத்தலே குற்றம்.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுப்பி, அதனை 'முன்னோர் மரபு' என்று படிப்பவர் உண்டு. உயிர்த்தெழுதலை நம்பி அறிக்கையிடும் அதே நாவால் அதனைச் சொல்வர். மகனின் வாடிய முகத்தைக் கண்டும், அதனைப் 'படிப்பில் ஊக்கம்' என்று படிக்கும் தந்தையரும் உண்டு. இவர்களிடம் திசைகாட்டி இல்லாமலில்லை. பாறை வலப்புறம் இருப்பதை ஏற்கும் துணிவுதான் இல்லை.

இனி மற்றொரு வினா. குறித்த வழியை விட்டு அகல்வதெல்லாம் வழி தவறுதல் ஆகுமா? 2009 ஆகஸ்டில் ஹங்கேரி நாட்டு மிஷ்கோல்ட்ஸ் நகரையடுத்து உலகப் போட்டி நடந்தது. ஆடவர் தொடரோட்டத்தின் இறுதிச் சுற்றில் பிரான்சின் தியெரி கியோர்ஜியூ முன்னணியில் இருந்தார். பதக்கத்திற்காக அவரோடு போட்டியிட்ட ஸ்வீடன் வீரர் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் மரக்கிளையொன்று ஆழமாகப் பாய்ந்தது. கியோர்ஜியூவும், நார்வேயின் ஆன்டெர்ஸ் நோர்ட்பெர்க்கும், செக் நாட்டின் மிகல் ஸ்மோலாவும் ஓட்டத்தைக் கைவிட்டு அவருக்குத் துணைநின்றனர். தங்கம் சுவிட்சர்லாந்துக்குச் சென்றது. தம் அணித்தோழர் இருவரின் உழைப்பும் வீணாகும் என்பதை அம்மூவரும் அறியாதவரல்லர்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற குருவும் லேவியரும் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் தம் பாதையை விட்டு அகலவில்லை. குறித்த இடத்தைக் குறித்த நேரத்தில் அடைந்தும் இருப்பர். எனினும் இயேசுவின் கதையில் வழி தவறியவர்கள் அவர்களே. பயணத்தை நிறுத்திய சமாரியரோ வழி தவறவில்லை.

அப்படியானால், கடமையினின்று நழுவும் எவரும் இரக்கத்தைச் சாக்காகச் சொல்லலாமே எனில், அதற்கும் அக்காட்டிலேயே விடை உண்டு. தன்னை ஏமாற்றிக்கொள்பவன் தான் எங்கே நிற்கிறான் என்பதை அறியான். நின்றுவிட்ட அம்மூவரோ தாம் நிற்கும் இடத்தையும், இழப்பது இன்னதென்பதையும் தெளிவாக அறிந்திருந்தனர். இழப்பை இழப்பென்றே ஏற்று, எதிரே கிடந்த மனிதரை மனிதரென்றே கண்டனர். உள்ளதை உள்ளவாறு காணும் அதே நேர்மைதான் ஒரு நேரம் நம்மைத் திரும்பிச் செல்லப் பணிக்கிறது. மற்றொரு நேரம் நின்றுவிடப் பணிக்கிறது.

இரவில் உறங்குமுன் ஆன்மச் சோதனை செய்யும் நல்வழக்கத்தைத் திருச்சபை நமக்குக் கற்றுத்தந்துள்ளது. அவ்வேளையில் எத்தனைக் குறியிடங்களைத் தொட்டோம் என்று எண்ணுவதோடு நில்லாமல் இவ்விரு வினாக்களையும் கேட்போம்: இன்று நான் உண்மையில் எங்கே நின்றேன்? யாரைக் கடந்து வந்தேன்?