கட்டை அவிழ்ப்பது யார்?



யோவான் 11-ஆம் அதிகாரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசருவுக்கு ஜீவன் கொடுத்தது ஆண்டவர். அந்த வேலையை வேறே ஒருவரும் செய்ய முடியாது. ஆனால் வெளியே வந்தவனுடைய கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டிருந்தன. அந்தச் சீலைகளை ஆண்டவர் தம்முடைய கரத்தால் அவிழ்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் அந்த வேலையை விட்டார்! தேவ ஜனமே, கவனித்தீர்களா?

நம்முடைய பள்ளத்தாக்கில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று எங்கே ஜெபக்கூட்டம் வைத்தாலும் சகோதரிகள் கொடுக்கிற ஜெபக்குறிப்பில் ஒரு விண்ணப்பம் தவறாமல் இருக்கும்: "வீட்டுக்காரர் குடியை விடணும்." விடியுமுன்னே ஜீப் ஏறி, குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். கூலியோடு இறங்கி வருகிறவர் வீட்டுக்கு வருமுன்னே கடை வந்துவிடுகிறது. 2003-ஆம் வருஷத்திலிருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே டாஸ்மாக் பெயரில் நடத்துகிறது. கடையை நான் மூட முடியாது. கடைக்குப் போகிறவனைப் பற்றிப் பேசுகிறேன்.

நம்மில் சிலர், "குடி ஒரு ஆவி, அதுக்கு எதுக்குய்யா டாக்டர்?" என்கிறார்கள். படித்த பிள்ளைகளோ, "ஜெபத்துல ஒண்ணும் ஆகாது, அது மூளை சம்பந்தப்பட்ட வியாதி" என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். ஒருவர் சீலையை மறந்தார், மற்றவர் ஜீவனை மறந்தார்.

ஒரு சகோதரர், பெயர் வேண்டாம். உபவாசக் கூட்டத்தில் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்து, அன்றைக்கே குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி அவர் மனைவி ஓடி வந்தார்கள். "பாஸ்டரய்யா, சுவத்துல பூச்சி ஓடுதுன்னு அடிக்கிறாக. கையெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. என்னைய யாருன்னு கேக்குறாக." வீட்டில் கூடியிருந்தவர்கள் பிசாசை அதட்டிக்கொண்டிருந்தார்கள். "ஜீப்பில் ஏறுங்கள், போகிற வழியில் ஜெபிப்போம்" என்றேன். ஆஸ்பத்திரியில் ஊசியும் குளுக்கோஸும் ஏறி, ஐந்தாம் நாள் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அல்லேலூயா!

இதை ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷக்கணக்காய் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரைக்கும் சிலருக்குப் புத்தி கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். டயஸிபாம் போன்ற மருந்துகளும் பி1 வைட்டமினும் இதற்கு உண்டு. டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. க.விலக்கில் நம்முடைய தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் தருவதாய்க் கர்த்தர் முதலிலேயே வாக்குக் கொடுத்தார். அப்புறமும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பருவின்மேல் வைக்கச் சொன்னாரே! (2 இராஜாக்கள் 20). அத்திப்பழம் வைத்ததால் வாக்குத்தத்தம் குறைந்துபோயிற்றா?

சகோதரிகளே, ஒரு எச்சரிப்பு. "ஒரே நாளில் குடியை மறக்க" என்று சுவரில் ஒட்டியிருப்பதை நம்பி, கணவருக்குத் தெரியாமல் குழம்பில் எதையும் கலக்காதிருங்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆபத்தாகிவிடும். அவர் அறிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லித்தான் அதைச் சாப்பிட வேண்டும்.

அப்படியானால் மருந்தே போதுமா? போதாது. ஆஸ்பத்திரி நடுக்கத்தை நிறுத்தும். சனிக்கிழமை சாயங்காலம் கூட நடந்து வராது. அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர் 1934 டிசம்பரில் நியூயார்க்கில் குடிக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேவன் தன்னைத் தொட்டதாக அவர் சாட்சி சொன்னது ஆராதனை மண்டபத்தில் அல்ல, அந்தக் கட்டிலில்! மறுவருஷம் ஆக்ரன் நகரத்தில் குடிக்கு அடிமையான பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரைச் சந்தித்தார். இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஜெபிக்கும்படி யாக்கோபு 5-ல் படிக்கிறோமே, அதற்கு இது வெகு கிட்டத்தில் இருக்கிறது. 2020-ல் 27 ஆராய்ச்சிகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை, ஒன்றாய்ச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். இந்தக் கூட்டங்களில் ஆட்களை முறையாய்ச் சேர்த்துவிடுகிற சிகிச்சையில், ஒரு வருஷம் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் மற்ற மனநல சிகிச்சைகளில் இருந்ததைவிட அதிகம். அது ஏ.ஏ. கூட்டங்களைப் பற்றிய ஆராய்ச்சி, சபைகளைப் பற்றியது அல்ல. அதை எடுத்து நாம் பெருமை பாராட்டக் கூடாது.

நம்முடைய சென்னையிலும் பாருங்கள். குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே மருந்தும் உண்டு, குழுவாய் உட்கார்ந்து பேசுவதும் உண்டு, மனைவிமாருக்குத் தனி ஆலோசனையும் உண்டு. 1992-ல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சபைக்கு இரண்டொரு காரியம். குடியை விட்டு இரண்டு வாரம் ஆனவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைக்காதிருங்கள். மறுபடியும் விழுந்துவிட்டால் வெட்கத்தில் சபைக்கே வரமாட்டார். ஒரு வருஷம் போகட்டும். விழுந்தவரைப் "பின்மாற்றக்காரன்" என்று தூஷிக்கவும் வேண்டாம். சர்க்கரை வியாதி கூடிப்போனவரை அப்படிச் சொல்கிறோமா? மாத்திரை சாப்பிடுகிறவரைப் பார்த்து "விசுவாசம் இல்லையா?" என்று கேட்கிற வாய்க்குப் பூட்டுப் போடுங்கள். லூக்காவே வைத்தியர்தான் (கொலோசெயர் 4).

இராப்போஜனத்துக்குக் கம்பம் பன்னீர் திராட்சையை அன்று காலையிலேயே பிழிந்து, கொதிக்கவைத்து ஆற்றிய ரசத்தைத்தான் வைக்க வேண்டும். முந்தின ராத்திரியே பிழிந்து மூடிவைத்தால் நம்ம ஊர் வெயிலுக்குப் புளித்துப் பொங்கிவிடும். விடுதலையாகி வருகிறவர்களுக்கு அந்த வாசனையே போதும், மறுபடியும் இழுத்துவிடும். அரிஷ்டத்திலும் சாராயச் சத்து உண்டு, அவர்களுக்குக் கொடுக்காதிருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலியோடு இறங்குகிறவர்களை ஜீப் நிற்கிற இடத்திலேயே சந்தித்து, கூடவே வீடுவரை நடந்துவர நாலு பேராவது வேண்டும். திமிர்வாதக்காரனைத் தூக்கிவந்தவர்களும் நாலு பேர்தான் (மாற்கு 2). இப்போது இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.