பழுது நீக்குவோரின் அறம்

போர்ட் கொச்சியிலிருந்து பஜார் சாலை வழியே மட்டாஞ்சேரிக்கு வருவோர் தவறாமல் காணும் ஓர் அரண்மனை உண்டு. ஏறத்தாழ 1555-இல் கொச்சி மன்னருக்காகப் போர்த்துகீசியர் அதனைக் கட்டித் தந்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டு விரிவாக்கினர். இன்று அதன் பெயர் ‘டச்சு அரண்மனை’. கட்டியவரின் பெயர் பின்னுக்குப் போயிற்று. பழுது பார்த்தவரின் பெயர் நிலைத்துவிட்டது.

வரலாற்றில் இத்தகைய வேடிக்கைகள் பல. ஆயினும் இதனுள் ஆழ்ந்த வினா ஒன்று ஒளிந்திருக்கிறது. பிறர் ஆக்கிய ஒன்றைச் சீராக்கும் பொறுப்பு ஒருவரிடம் வந்து சேரும்போது, அதன்மீது அவருக்கு எவ்வளவு உரிமை உண்டு? எதைத் தொடலாம்? எதைத் தொடாது விட வேண்டும்?

அரண்மனையை விடுத்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

கைக்குள் ஒரு பொறி

அரண்மனைக்குச் சற்றுத் தொலைவில் யூதத் தெரு. 1948-க்குப் பின் அங்கிருந்த யூதக் குடும்பங்களுள் பெரும்பாலானவை இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் வாழ்ந்த தெருவில் இப்போது பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. அக்கடைகளுள் ஒன்றில் பழைய மைப்பேனா ஒன்று கிடக்கிறது என்று கொள்வோம். நம் நாட்டில் பரவலாக இருந்த, மை நிரப்பியால் சொட்டுச் சொட்டாக மை ஊற்றும் வகை அன்று அது; பின்முனையைத் திருகினால் தானே மையை உறிஞ்சிக்கொள்ளும் பிஸ்டன் பேனா.

இந்த அமைப்பு ஹங்கேரியப் பொறியாளர் தியோடர் கோவாச்சின் கண்டுபிடிப்பு. அதன் உரிமையைப் பெற்ற ஜெர்மனியின் பெலிக்கன் நிறுவனம் 1929-இல் இப்பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலை செய்யும் முறை எளியது. பின்முனைக் குமிழைத் திருகினால் உள்ளேயிருக்கும் திருகுதண்டு சுழலும். அந்தச் சுழற்சி நேர்கோட்டு இயக்கமாக மாறி, பிஸ்டனை நிப்பை நோக்கித் தள்ளும். உள்ளிருக்கும் காற்று வெளியேறும். நிப்பை மையில் தோய்த்துக் குமிழை எதிர்த்திசையில் திருகினால் பிஸ்டன் பின்வாங்கும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் மை ஏறும். பிஸ்டனின் நுனியில் உள்ள அடைப்பு, குழலின் உட்சுவரோடு இடைவெளியின்றிப் பொருந்தியிருக்க வேண்டும். தொடக்கக் காலப் பேனாக்களில் அந்த அடைப்பு தக்கையால் ஆனது.

பயன்படுத்தாமல் நெடுநாள் கிடந்த பேனாவில் மை உறைந்து பசைபோல் இறுகிவிடும். தக்கை உலர்ந்து சுருங்கும். குமிழ் திரும்ப மறுக்கும். இந்நிலையில்தான் பேனா பழுது நீக்குவோரிடம் வந்து சேருகிறது. நம் நாட்டில் அத்தகைய கடைகளுக்கு மக்கள் வைத்த பெயர் பொருள் பொதிந்தது: கொல்கத்தாவின் எஸ்பிளனேடு பகுதியில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த கடையின் பெயர் ‘பென் ஹாஸ்பிடல்’. கேரளத்தின் திருச்சூரிலும் பேனா மருத்துவமனை என்றே பெயர் பெற்ற கடை ஒன்று உண்டு. பேனா நோயாளி, பழுது நீக்குபவர் மருத்துவர்.

அறியாமல் தொடாதே

மருத்துவருக்குரிய முதல் ஒழுக்கமே பழுது நீக்குபவருக்கும் முதல் ஒழுக்கம்: உதவ முடியாவிட்டாலும் கேடு செய்யாதிருத்தல். குமிழ் திரும்பவில்லை என்றதும் இடுக்கியை எடுப்பவர் பேனாவை இழப்பார். வலுவாகத் திருகினால் திருகுதண்டு முறியும். அல்லது குழலே பிளந்துவிடும்.

அறிவில்லாத வலிமை எவ்வளவு கேடானது என்பதற்கு இப்பேனாவிலேயே தெளிவான சான்று இருக்கிறது. பெலிக்கனின் தொடக்கக் கால மாதிரியான 100-இல் பிஸ்டன் தொகுதி குழலோடு இடது மரையால் பிணைக்கப்பட்டிருக்கும். வழக்கமான திருகுகளைக் கழற்றும் திசையில் அதைத் திருப்பினால் அது மேலும் இறுகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950-இல் வந்த 400 என்னும் மாதிரியிலோ மரையே கிடையாது. தொகுதி அழுத்திச் செருகப்பட்டிருக்கும். அதைத் திருகிக் கழற்ற முயல்வது வீண். நிப்பை அகற்றிவிட்டு முன்புறத்திலிருந்து மெல்லத் தள்ள வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போல இருக்கும். ஒன்றுக்கு உரிய முறை மற்றொன்றுக்குக் கேடு.

மருந்தும் அப்படித்தான். உறைந்த மை கரையத் தண்ணீரில் ஊறவைப்பது நல்ல வழி. ஆனால் எபோனைட் என்னும் கடினரப்பரால் ஆன பேனாவை வெந்நீரில் இட்டால் அதன் கருமை மங்கிப் பழுப்பேறும். பால் புரதத்திலிருந்து செய்த கேசீன் பேனா தண்ணீரிலேயே ஊதி உருக்குலையும். இறுகிய மூட்டை இளக்க மிதமான சூடு உதவும். ஆனால் செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் பொருள். நோய் ஒன்றாகத் தோன்றினாலும் உடல் வேறு. ஆதலால் மருந்தும் வேறு.

எனவே தேர்ந்தவரின் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதே. குளிர்ந்த நீரில் நிப்புப் பகுதியை ஊறவைப்பார், நீரை மாற்றுவார், மறுநாள் மீண்டும் பார்ப்பார். குமிழ் இம்மியளவு அசைந்தால் அங்கேயே நிறுத்தி, மறுபடியும் ஊறவைப்பார். அவர் சும்மா இருப்பதாகத் தோன்றும் அந்த நாட்களில்தான் வேலை நடக்கிறது.

எது அந்தப் பேனா?

பேனா திறக்கப்பட்டுவிட்டது. தக்கை பொடிந்துபோயிருக்கிறது. புதிய தக்கையைச் செதுக்கி, மெழுகில் தோய்த்துப் பொருத்தலாம். அல்லது இக்கால ரப்பர் வளையத்தை இடலாம். இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. தக்கையை மாற்றினால் அது பழைய பேனாதானா? திருகுதண்டையும் மாற்றினால்? நிப்பையும் மாற்றினால்?

இவ்வினா மிகப் பழையது. மிலிந்தப் பன்ஹா என்னும் பௌத்த நூலில், நாகசேனர் மிலிந்த மன்னரிடம் தேரைக் காட்டி இதே வகையில் வினவுகிறார்: சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா? எந்த உறுப்பும் தேர் அன்று. உறுப்புகள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று அந்த உரையாடல் முடிவுக்கு வருகிறது. கிரேக்கரும் தீசியஸின் கப்பலைப் பற்றி இவ்வாறே வாதிட்டதை புளூடார்க் குறிப்பிடுகிறார்: ஒவ்வொரு பலகையாக மாற்றப்பட்டு வந்த அக்கப்பல் அதே கப்பல்தான் என்றனர் ஒரு சாரார், அன்று என்றனர் மறுசாரார்.

இந்த வாதத்தை ஏட்டில் முடிவின்றி நீட்டலாம். பழுது நீக்குபவரோ மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். அவருடைய நடைமுறை அறிவு ஒரு வேறுபாட்டைக் காட்டித் தருகிறது. தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட உறுப்புகள் சில. அந்தப் பொருளை இன்னதென்று அடையாளம் காட்டுபவை சில. தக்கை முதல் வகை. அது தேயும், மாற்றப்படும் என்பதைப் பேனாவைச் செய்தவரே அறிவார். அதனை மாற்றுவது செய்தவரின் எண்ணத்தை நிறைவேற்றுவதே ஆகும். மாற்றாமல் கண்ணாடிப் பேழையில் வைத்தால் பழமை காக்கப்படும். ஆனால் எழுதாத பேனா பேனாவின் வடிவம் மட்டுமே.

தந்தையின் நிப்பு

கடினமான நிலை இனிமேல்தான் வருகிறது. மகன் ஒருவர் மறைந்த தம் தந்தையின் பேனாவைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இதில் நான் எழுத வேண்டும்’ என்கிறார். பிஸ்டன் சரியாயிற்று, மை ஏறுகிறது. ஆனால் நிப்பு அவர் கைக்குக் கீறுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் காரணம் தெரிகிறது. தங்க நிப்பின் நுனியில் இருக்கும் கடின உலோக மணி ஒரு புறமாகச் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. தந்தை பேனாவைச் சற்றே திருப்பிப் பிடித்து நாற்பது ஆண்டுகள் எழுதியவர். அந்தத் தேய்வு அவருடைய கையின் பதிவு.

நுண்ணிய உப்புத்தாளில் சில நிமிடங்கள் தேய்த்தால் போதும். பேனா மகனின் கைக்கு வழுவழுப்பாக எழுதும். ஆனால் தந்தையின் கை அதிலிருந்து நீங்கிவிடும். தேய்த்த உலோகத்தை மீண்டும் ஒட்டவைக்க எவராலும் இயலாது.

இங்கே எது அறம்? பேனாவின் பணி எழுதுவது. ஆகவே எழுதச் செய்வதே கடமை என்று ஒருவர் வாதிடலாம். அந்தத் தேய்வு நினைவுச் சின்னம். அதைத் தொடுவது பாவம் என்று மற்றொருவர் கூறலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு வாதங்களும் ஒன்றை மறந்துவிடுகின்றன: இம்முடிவு பழுது நீக்குபவருக்கு உரியது அன்று.

அவருக்குத் தெரிந்த ஒன்று மகனுக்குத் தெரியாது. மகன் அந்தக் கீறலைக் குறை என்று மட்டுமே எண்ணுகிறார். சொல்லாமல் தேய்த்துக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிச் செல்வார். எதை இழந்தோம் என்பதை ஒருநாளும் அறியார். எவரும் அறியாத இழப்பு இழப்பாகுமா? ஆகும். அவர் அறிந்திருந்தால் வேறுவிதமாகத் தேர்ந்திருக்கக் கூடும் என்பதே போதும். அந்தத் தேர்வு அவரிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. ஆதலால் பழுது நீக்குபவரின் கடமை தெளிவு: உருப்பெருக்கியை மகனின் கையில் கொடுத்து, நிப்பைக் காட்டி, ‘இது தேய்மானம் அன்று, உங்கள் தந்தையார் பேனா பிடித்த விதம்’ என்று சொல்வது. அதன்பின் மகன் தேய்க்கச் சொல்லலாம்; அந்த நிப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேறு நிப்பு கேட்கலாம்; தந்தையைப் போலவே பேனாவைச் சற்றுத் திருப்பிப் பிடித்து எழுதக் கற்றுக்கொள்ளவும் கூடும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. அழுக்கைக் கேட்காமல் நீக்கலாம். தேய்வுக்குரிய உறுப்பைச் சொல்லிவிட்டு மாற்றலாம். திரும்பப் பெற முடியாததைத் தொடுமுன் உரியவரின் இசைவைப் பெற வேண்டும். மாற்றியது எதுவாயினும் மறைக்கக் கூடாது.

மறைக்காமை சிறிய அறம் அன்று. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் சுதேசிப் பேனா செய்த வரலாறு இதை உணர்த்தும். அவர் அனுப்பிய பேனாவை ஜே.சி. குமரப்பா வாயிலாகப் பெற்ற காந்தியடிகள், அது வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத் தோன்றுவதாக 1935-இல் கடிதம் எழுதினார். சுதேசிப் பொருள் என்றால் அதன் உறுப்புகளும் அவ்வாறே இருக்க வேண்டும். வெளியே ஒரு பெயரும் உள்ளே வேறொரு பொருளுமாக இருப்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். செய்பவருக்குப் பொருந்தும் இது பழுது நீக்குபவருக்கும் பொருந்தும்.

மனிதரிடம்

பேனாவைப் பற்றி மட்டும் பேசினால் இச்சிந்தனை பாதியில் நின்றுவிடும். பெற்றோர், ஆசிரியர், மூத்தோர் அனைவரும் ஒருவகையில் பழுது நீக்குவோரே. பிள்ளையின் பிடிவாதம், மாணவரின் மந்தம், நண்பரின் சினம் ஆகியவற்றைத் திருத்த முற்படுகின்றனர். திரும்பாத குமிழைக் கண்டதும் வலிமையைக் கூட்டுவோர் அங்கும் உண்டு. இடது மரை கொண்ட உள்ளங்களும் உண்டு. வழக்கமான திசையில் எவ்வளவு வற்புறுத்தினாலும் அவை மேலும் இறுகவே செய்யும். ஒரு பிள்ளைக்கு உதவிய கண்டிப்பு மற்றொரு பிள்ளையை உருக்குலைத்துவிடும்.

குறை என்று நாம் கருதுவது ஒருவேளை குறையே அன்று. நாற்பது ஆண்டு வாழ்க்கை பதித்த சாய்வாக இருக்கலாம். முதியவர் ஒருவர் தட்டில் ஒரு பருக்கையும் விடாமல் வழித்து உண்பதைக் கண்டு இளையோர் நகைக்கின்றனர். அவர் கண்ட பஞ்சம் அந்த விரல்களில் இருக்கிறது. திருத்துமுன் காரணத்தை அறிவதே அன்பு. அறியாமல் திருத்துவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், நிப்பின் நுனியைத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். பேனாவுக்காவது உரியவர் வேறொருவர். மனிதரிடமோ திருத்தப்படுபவரே உரியவர். அவருடைய இசைவின்றித் திருத்தம் இல்லை.

மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டியே யூதர்களின் பரதேசி ஜெபாலயம் நிற்கிறது. 1568-இல் கட்டப்பட்டது, 1662-இல் போர்த்துகீசியரால் சிதைக்கப்பட்டது, இரண்டே ஆண்டுகளில் டச்சுக்காரரின் ஆதரவோடு சீராக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகாபி அதற்கு மணிக்கூண்டு எழுப்பி, தரையில் சீனத்து ஓடுகளைப் பதித்தார். இத்தனை கைகள் பட்டும் அதன் பெயர் மாறவில்லை. அதைத் தொட்டவர்கள் அதனைத் தமதாக்கிக்கொள்ளவில்லை.

நன்கு சீராக்கப்பட்ட பேனாவில் பழுது நீக்கியவரின் சுவடு தெரியாது. அது உரியவரின் கைக்குத் திரும்புகிறது, மை இறங்குகிறது, எழுத்து ஓடுகிறது. எழுதுபவர் பேனாவையும் மறந்து எழுதத் தொடங்கும் அந்தக் கணமே பழுது நீக்கியவர் பெறும் கூலி.